வேர்க்கடை பதில்கள்: தாங்குய் சூப்பும் மாமியார் மாத்திரையும்

போன இதழில் மிச்ச இடத்தை நிரப்பத் தாங்குய் வேரைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். சீனர்கள் பிள்ளை பெற்றவளுக்குச் சூப்பில் போட்டுக் கொடுக்கும் வேர், நல்ல வாசம், நம் கடைத்தெருவிலேயே கிடைக்கும், அவ்வளவுதான். அதற்கு வந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால், நம் ஆட்கள் பாதிப் பேர் வீட்டில் அது ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கிறது! ஆகவே இந்த மாதம் முழுக்க வேர்தான். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் வைத்தியர் இல்லை. யாங்கூன் தெயின்ஜி ஜே சந்தையில் அப்பா வைத்த நாட்டு மருந்துக்கடையில் உட்கார்ந்தே தலை நரைத்தவள். பொறுக்கத் தெரியும், நிறுக்கத் தெரியும். நாடி பிடிக்கத் தெரியாது.

கேள்வி: அக்கா, என் மகளுக்குப் பிள்ளை பிறந்து மூன்று வாரம் ஆகிறது. எதிர்வீட்டுச் சீனத்தம்மா ஒருநாள் விட்டு ஒருநாள் தாங்குய் போட்டுக் கோழி சூப் வைத்து அனுப்புகிறார். மகள் ஆசையாகக் குடிக்கிறாள். என் மாமியாரோ, "அது சூடு, பால் வற்றிப் போகும்" என்று தடுக்கிறார். தடுத்துவிட்டு, மிச்சத்தை வீணாக்கக் கூடாது என்று தானே குடித்துவிடுகிறார். மூட்டுவலிக்கு இதமாக இருக்கிறதாம். வால்வு ஆபரேஷன் ஆனவர், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். அவர் பேச்சைக் கேட்டு மகளுக்குச் சூப்பை நிறுத்தலாமா?
— ஒரு வாசகி, லத்தா, யாங்கூன்

பதில்: தங்கச்சி, மகளை அப்புறம் பார்ப்போம். முதலில் மாமியார் கையில் இருக்கும் கிண்ணத்தை வாங்கி வையுங்கள்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த மாத்திரைதான் இந்தக் கடிதத்தில் பெரிய சங்கதி. வால்வு மாற்றியவர்களுக்குப் பெரும்பாலும் எழுதிக் கொடுப்பது வார்ஃபரின். அட்டையைத் திருப்பிப் பாருங்கள், அந்தப் பெயர் இருக்கிறதா என்று. வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையை அவ்வப்போது எடுத்து, அந்த எண் ஒரு வரம்புக்குள் நிற்கும்படி டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டிக் குறைத்து வைத்திருப்பார். எண் இறங்கினால் வால்வில் ரத்தம் கட்டும். ஏறினால் எங்கேயாவது கசியும், அது மூளையிலும் இருக்கலாம். தாங்குய் அந்த எண்ணை ஏற்றக்கூடிய வேர். 1999இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்த ஒரு நோயாளியின் கதையைச் சொல்கிறேன். 46 வயதுப் பெண், இதயத்துடிப்பு ஒழுங்காக இல்லாததால் வார்ஃபரின் சாப்பிட்டு வந்தவர், எண் 2.3இல் நிலையாக இருந்தது. மாத்திரை வடிவில் தாங்குய் சாப்பிட ஆரம்பித்து நாலைந்து வாரத்தில் 4.9க்குப் போய்விட்டது. வேறெதுவும் மாறவில்லை. வேரை நிறுத்திய ஒரு மாதத்தில் பழைய இடத்துக்கு வந்தது. அவர் சாப்பிட்டது அரை கிராம் சொச்சம், நாளைக்கு ஒரு தடவை அல்லது இரண்டு தடவை. உங்கள் எதிர்வீட்டுச் சூப்பில் அதைவிடப் பல மடங்கு விழும்.

அதனால் செய்ய வேண்டியது: சூப்பை இன்றே நிறுத்துங்கள். மாத்திரையை நிறுத்தாதீர்கள், நீங்களாக அளவையும் குறைக்காதீர்கள். இதய டாக்டரிடம் "சீன வேர் போட்ட சூப் ஒருநாள் விட்டு ஒருநாள் குடித்தார்" என்று அதே வார்த்தையில் சொல்லி உடனே ஐ.என்.ஆர். எடுக்கச் சொல்லுங்கள். "சூப் குடித்தார்" என்று மட்டும் சொன்னால் டாக்டர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். பல் ஈறில் ரத்தம், காரணமில்லாமல் கன்றிப்போன நீலத் தழும்பு, கறுத்த மலம், தாங்க முடியாத தலைவலி, இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரி.

சாப்பாட்டில் போகிற மருந்தை நம் ஜனங்கள் மருந்துக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. கடைக்கு வருகிறவர்களிடம் "என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டால் பையைக் கொட்டிக் காட்டுவார்கள். "என்ன கஷாயம், என்ன சூப்?" என்று கேட்டால் "அதெல்லாம் சும்மா வீட்டில் வைக்கிறதுதானே" என்பார்கள். வீட்டில் வைத்தாலும் வேர் வேர்தான்.

இனி மகள். சூப் ஒன்றும் நேற்று முளைத்ததல்ல. சுமார் 1,800 வருஷத்துக்கு முன் ஹான் ராஜவம்சக் காலத்தில் சாங் சொங்சிங் என்ற வைத்தியர் எழுதிய நூலிலேயே இதன் தாய்ச் செய்முறை இருக்கிறது. தாங்குய், இஞ்சி, ஆட்டுக்கறி, மூன்றே சாமான். பிரசவத்துக்குப் பின் வரும் வயிற்றுவலிக்கு என்று எழுதிவைத்தார். அளவைக் கவனியுங்கள்: கறி 16 பங்கு, இஞ்சி 5 பங்கு, தாங்குய் 3 பங்கு. வேரைவிட இஞ்சி அதிகம். இன்றைக்குச் சீன அரசின் மருந்து நூல் சொல்லும் அளவு ஒருநாளைக்கு 6 முதல் 12 கிராம். நம் தராசில் ஒரு டிக்கல் 16 கிராமுக்குச் சற்று மேல். அதாவது ஒரு டிக்கலை ஒரே சட்டியில் போட்டு ஒருத்தி குடித்தால் அது அதிகம்.

பால் வற்றுவதும் ஊறுவதும் பிள்ளை எத்தனை தடவை குடிக்கிறது என்பதைப் பொறுத்தது, மாமியாரின் அந்தப் பயத்தை விடுங்கள். என் யோசனை வேறு. பிள்ளைப்பேற்று உதிரப்போக்கு இன்னும் சிவப்பாக, அதிகமாக இருந்தால் ரத்தத்தை ஓட வைக்கும் வேர் இப்போது வேண்டாம். அடுத்து பிரஷர். பிரசவமான சில வாரத்தில் இந்தச் சூப் குடித்த ஒரு தாய்க்கும், அவளிடம் பால் குடித்த பிள்ளைக்கும் ரத்த அழுத்தம் ஏறி, நிறுத்தியதும் இறங்கியதாக அதே 1999இல் இன்னொரு மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். ஒரே ஒரு வீட்டுக் கதைதான். ஆனாலும் கர்ப்பத்தில் பிரஷர் இருந்தவள் என்றால் நான் தொடவே விடமாட்டேன். தடுப்பூசிக்குப் போகும்போது தாய்க்கும் பிரஷர் பார்த்து, டாக்டரிடம் கேட்டு, அவர் சரி என்றால் மட்டும் தொடருங்கள்.

அதுவரை எதிர்வீட்டம்மாவின் முகம் வாடாமல் சொல்ல ஒரு வழி உண்டு. "டாக்டர் வேர் மட்டும் வேண்டாம் என்கிறார், இஞ்சியும் சிவப்புப் பேரீச்சையும் போட்டுக் கொடுங்கள்" என்று கேளுங்கள். அவர் சந்தோஷமாகவே செய்வார். திருப்பிக் கொடுக்கும் பாத்திரத்தை வெறுமையாகக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: தாங்குய் வாங்கச் சீனக்கடைக்குப் போனேன். மூன்று டப்பாவைக் காட்டி மூன்று விலை சொன்னார்கள். ஒன்று அகலத் துண்டு, ஒன்று மெல்லிய வால்கள், இன்னொன்று வெள்ளை வெளேரென்று அழகாக இருந்தது. வெள்ளையைத்தான் வாங்கினேன். சரியா? என்ன விலை கொடுக்கலாம்?
— ஒரு வாசகர், பெகு

பதில்: தம்பி, விலையை இன்று நான் எழுதினால் இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் அது பொய்யாகிவிடும். சரக்கைப் பற்றிப் பேசுவோம், அதில் எனக்குக் கொஞ்சம் பிரியம் அதிகம்.

இது கொத்தமல்லி, சீரகம், ஓமம், சோம்பு, பெருங்காயம் இவற்றின் குடும்பம். மூக்கில் வைத்தாலே உறவு தெரியும். சீனாவில் கான்சு மாகாணத்து மின் கவுண்டியில் விளைவதற்குத்தான் முதல் மரியாதை. கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலே, குளிர்ந்த மண். யுன்னானிலும் போடுகிறார்கள். நாற்று விட்டு, அடுத்த வருஷம் பிடுங்கி நட்டு, இலையுதிர் காலத்தில் தோண்டுவார்கள். இடையில் செடி அவசரப்பட்டுப் பூத்துவிட்டால் வேர் கட்டையாகிவிடும், மருந்துக்கு உதவாது. குளிர்மலை விவசாயிக்கு அதுதான் பெரிய நஷ்டம். தோண்டியதை லேசாக வாட விட்டு, சின்னச் சின்னக் கட்டாகக் கட்டி, பரண் மேல் அடுக்கி, அடியில் மெல்லப் புகை போட்டு உலர்த்துவார்கள். நல்ல வேரில் அந்தப் புகை மணம் அடியில் நிற்கும்.

மேலே தடித்த தலை, நடுவில் உடல், கீழே கொத்துக் கொத்தாக வால். சீன வைத்தியர்கள் தலைக்கு ஒரு வேலை, உடலுக்கு ஒரு வேலை, வாலுக்கு ஒரு வேலை என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். தலை ரத்தத்தைக் கட்டும், உடல் ஊட்டும், வால் ஓட்டும் என்பது அவர்கள் கணக்கு. சூப்புக்கு உடலைச் சீவிய துண்டுதான். ஒரு துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். ஓரத்தில் மண்ணிறம், உள்ளே மஞ்சள் கலந்த வெள்ளை, நடுவே ஒரு பழுப்பு வளையம், அங்கங்கே பழுப்புப் புள்ளி. அந்தப் புள்ளிகள்தான் எண்ணெய் இருக்கும் அறைகள். விரலால் வளைத்தால் சட்டென்று ஒடியாமல் கொஞ்சம் இசைந்து கொடுக்க வேண்டும். நாக்கில் முதலில் இனிப்பு, பிறகு காரம், கடைசியில் லேசான கசப்பு. வறண்டு எண்ணெயே இல்லாதது, வெட்டிய இடம் பச்சையாகவோ கரும்பழுப்பாகவோ இருப்பது, இரண்டும் ஆகாது.

உங்கள் வெள்ளை வெளேர் சரக்குக்கு வருகிறேன். இவ்வளவு வெள்ளையாக இந்த வேர் காயாது. கந்தகப் புகை காட்டியிருப்பார்கள், பூச்சி வராமல் பளிச்சென்று தெரிவதற்காக. பொட்டலத்தைத் திறந்து முகத்தருகே வையுங்கள். மூக்கில் சுருக்கென்று புளிப்பாக ஏறினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். புகை வாசம் வருகிற பழுப்புச் சரக்கு பார்க்கச் சுமார்தான், ஆனால் அதுதான் சரக்கு.

கேட்கும்போதும் கவனம் வேண்டும். பர்மாக்காரர்கள் "குட்டைக்கை" என்று சொல்லும் காண்டன் சீனர் கடையில் இதற்குத் தோங்குவாய், மாண்டரின் பேசுகிற கடையில் தாங்குய். கொரியாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் இதே பெயரில் வருவது வேறு செடியின் வேர், ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரை மட்டும் நம்பி வேர் வாங்கக் கூடாது என்பதற்குப் பெல்ஜியத்தில் நடந்ததைவிடப் பெரிய சாட்சி இல்லை. 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடல் இளைக்கச் சீன மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கு வரிசையாகச் சிறுநீரகம் செயலிழந்தது. நூறு பேருக்கு மேல். சேர்க்க வேண்டியது ஃபாங்சி என்ற வேர். சீனாவில் ஃபாங்சி என்று முடியும் பெயரோடு இரண்டு மூன்று வேர்கள் புழக்கத்தில் உண்டு, அவற்றில் ஒன்று நம் ஆடுதின்னாப்பாளைக்கு உறவான செடியின் வேர். அதில் அரிஸ்டலோகிக் அமிலம் இருக்கிறது. சிறுநீரகத்தை அழிப்பதோடு புற்றுநோயும் கொண்டுவரும் விஷம். அது மாறி விழுந்துவிட்டது. மாத்திரையாக இடித்து வைத்தால் கண்ணும் மூக்கும் என்ன கண்டுபிடிக்கும்? முழுத் துண்டாக இருப்பதை மட்டும் வாங்குங்கள் என்று நான் மன்றாடுவது இதற்குத்தான்.

கேள்வி: மாதவிடாய் நிற்கும் வயது. திடீர் திடீரென்று உடம்பு கொதித்து வேர்க்கிறது. வெளிநாட்டிலிருந்து மகன் தாங்குய் கேப்சூல் அனுப்பியிருக்கிறான். சாப்பிடலாமா?
— ஒரு வாசகி, மோல்மேன்

பதில்: மகன் அன்பாக அனுப்பியிருக்கிறான், ஆனால் கேப்சூல் வேலை செய்யாது. 1997இல் அமெரிக்காவில் 71 பெண்களை இரண்டாகப் பிரித்து 24 வாரம் பார்த்தார்கள். ஒரு பக்கம் தாங்குய், ஒரு பக்கம் வெற்று மாத்திரை. கொதிப்பு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. சீன வைத்தியர்கள் உடனே சண்டைக்கு வந்தார்கள்: நாங்கள் இதைத் தனியாகக் கொடுப்பதே இல்லை, நாலு சரக்கோடு சேர்த்துத்தான் கொடுப்போம் என்று. நியாயமான பேச்சுதான். ஆனால் உங்கள் மகன் அனுப்பியது தனி வேர் கேப்சூல் ஆயிற்றே! மார்பிலோ கர்ப்பப்பையிலோ கட்டி, புற்று என்று வைத்தியம் பார்த்தவராக இருந்தால் டாக்டரைக் கேட்காமல் திறக்கவே வேண்டாம். வெயில் பட்டால் தோல் கன்றும் என்ற எச்சரிக்கையும் இந்த வேருக்கு உண்டு. பகலில் தனக்கா மரப்பட்டைக் குழம்பை மட்டும் பூசிக்கொண்டு சந்தைக்குப் போகிற நமக்கு அதுவும் யோசிக்க வேண்டியதே.

கேள்வி: நரைமுடி கறுக்க ஹோ ஷோ வூ என்று ஒரு சீன வேர் இருக்கிறதாமே? நண்பர் தூளாக்கித் தேனில் குழைத்துச் சாப்பிடுகிறார். நானும் ஆரம்பிக்கலாமா?
— ஒரு வாசகர், தட்டோன்

பதில்: வேண்டாம். நண்பரையும் நிறுத்தச் சொல்லுங்கள். தாங்குய்க்கு நான் பாதி வக்கீல், இதற்கு இல்லை. இந்த வேர் ஈரலைத் தாக்கி மஞ்சள்காமாலை கொண்டுவந்த சம்பவங்கள் சீனாவிலேயே ஏராளம். பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2006இல் பொதுமக்களுக்கு எச்சரிக்கை விட்டது. பச்சை வேரைக் கறுப்பு பீன்ஸ் சாற்றில் ஊறவைத்துக் கறுக்கக் கறுக்க அவித்த பிறகுதான் அவர்களே முடிக்குக் கொடுப்பார்கள். அவித்தாலும் ஆபத்து குறையுமே தவிரப் போகாது. நண்பர் அப்படியே இடித்துத் தின்பது பச்சை வேராக இருந்தால், முடி கறுக்கிறதோ இல்லையோ, பேதி நிச்சயம். நிலாவரையில் இருக்கும் அதே ரகச் சத்து அதில் இருக்கிறது. கண் மஞ்சளாக, சிறுநீர் தேயிலைத் தண்ணீர் மாதிரி போனால் அன்றே ரத்தம் பரிசோதிக்கட்டும். நரை பிடிக்கவில்லை என்றால் கரிசலாங்கண்ணி எண்ணெய் தேயுங்கள், கறுக்காவிட்டாலும் ஈரலுக்குக் கெடுதல் இல்லை.

கேள்வி: தமிழ் இதழில் எதற்குச் சீன வேர் புராணம்? நம் சித்தர்கள் சொல்லாததா? இப்படியே போனால் நம் பிள்ளைகள் நம் மருந்தை மறந்துவிடுவார்கள். வருத்தத்துடன் எழுதுகிறேன்.
— ஒரு மூத்த வாசகர், யாங்கூன்

பதில்: ஐயா, கோபம் புரிகிறது. உங்கள் வீட்டில் பரங்கிப்பட்டைச் சூரணம் இருக்கிறதா? மேக நோய்க்கும் தோல் வியாதிக்கும் சித்த வைத்தியர் கொடுப்பாரே, அதுதான். அது சீனத்துக் கிழங்கு. போர்த்துக்கீசியர் கப்பலில் கோவாவுக்கு வந்து இறங்கியது. 1563இல் கோவாவில் அச்சான கார்சியா த ஓர்ட்டாவின் மருந்து நூலில் அதற்கென்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. ஐரோப்பாவில் ஐந்தாம் சார்லஸ் சக்கரவர்த்தி தன் மூட்டுவலிக்கு அதைக் குடித்தார். அவருடைய வைத்தியர் வெசாலியஸ் 1546இல் அந்த ஒரு கிழங்கைச் சாக்கிட்டு ஒரு புத்தகமே போட்டார். நம் வைத்தியர்கள் என்ன செய்தார்கள்? வந்த சரக்கைப் பாலில் பிட்டவியலாக அவித்துச் சுத்தி செய்து, தம்முடைய முறைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். அப்பா அந்த வேலையைக் கடைப் பின்கட்டில் செய்வார். பானை வாயில் துணி கட்டி, மேலே தூளைப் பரப்பி, கீழே பால் கொதிக்கும். அந்த ஆவி மணத்தில் பக்கத்துக் கடைக்காரர் மோர் கேட்டு வருவார், பாயசம் என்று நினைத்து.

எதிர்ப்பக்கமும் உண்டு. இமயமலைக் கோஷ்டம் சீனக்கடையில் மூ சியாங் என்ற பெயரில் நிற்கிறது. காட்டில் அழிந்துகொண்டு வருவதால் 1985 முதல் அதன் சர்வதேச வியாபாரத்துக்குக் கடுமையான தடை, இன்று யுன்னானில் பயிர் செய்து எடுக்கிறார்கள். நம் அதிமதுரத்துக்கு உறவான இன்னொரு அதிமதுரம் இல்லாத சீனக் கஷாயம் அபூர்வம். (பிரஷர்காரர்கள் கவனிக்க: இரண்டும் தினப்படி சாப்பிட்டால் பிரஷரை ஏற்றி, பொட்டாசியத்தை இறக்கும். நம்முடையது என்பதால் சலுகை கிடையாது.) பிள்ளைகள் மறந்துவிடுவார்கள் என்ற கவலை எனக்கும் இருக்கிறது ஐயா. ஆனால் அது லத்தாத் தெருச் சீனக்கடையால் வரவில்லை. காய்ச்சல் என்றால் நிலவேம்பு எது, சிறியாநங்கை எது என்று கேட்க இளசுகள் யாரும் என் கடைப் படி ஏறுவதில்லை. உங்கள் பேரனை அனுப்புங்கள், சொல்லித் தருகிறேன்.

கேள்வி: வாங்கி வைத்த தாங்குயில் சின்ன வண்டு ஏறிவிட்டது. வெயிலில் போட்டு எடுத்து உபயோகிக்கலாமா?
— ஒரு வாசகி, தன்லின்

பதில்: எண்ணெயும் இனிப்பும் உள்ள வேர், வண்டுக்கு விருந்து. வெயிலில் போட்டால் வண்டு போகும், வாசமும் கூடவே போகும், மிச்சம் நார்தான். மே பிறந்து மழை பிடித்துக்கொண்டால் ஐப்பசி வரை நம் ஊரில் எதுவும் காய்ந்து நிற்காது. அதனால் ஒரு மாதத் தேவைக்கு மேல் வாங்காதீர்கள். இறுக மூடும் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள், கரண்ட் இல்லாத நேரத்தில் திறக்காதீர்கள். வெளியே எடுத்த பாட்டில் அறைச் சூடு வந்த பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே வேர்த்துவிடும். இப்போது கையில் இருப்பதில் வண்டு மட்டும் என்றால் துண்டு துண்டாகத் தட்டிப் பார்த்து, ஓட்டை இல்லாததை எடுத்துக்கொள்ளலாம். பச்சையாகவோ கறுப்பாகவோ பூஞ்சணம் ஒரு துண்டில் தெரிந்தாலும் பொட்டலத்தோடு குப்பையில் போடுங்கள். கழுவிவிட்டுப் போடுகிற வேலை வேண்டாம்.